ஹெல்மெட்டுக்குள் இருந்து பேசுகிறவர்களுக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வீடியோ கேமை ஓடவிட்டு, அதில் வருகிற ஆட்களுக்குக் குரல் கொடுத்துக் காமெடி பண்ணும் தம்பி தங்கைகளுக்கு,

எனக்கு கேம் ஆடத் தெரியாது. கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் என் சிப்பாய் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருப்பான். யாராவது வந்து சுட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பார்ப்பேன். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், தூக்கம் வராத இரவில், கேம் காட்சியை வைத்து யாராவது கதை பண்ணியிருந்தால் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனை வைப்பேன். உங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரியவர்கள் கடிதம் எழுதினால் படிப்பைக் கவனி என்றுதான் தொடங்குவார்கள். இதில் அது வராது, பயப்படாமல் படியுங்கள்.

உங்கள் வகைக் காமெடிக்கு ஒரு முன்னோடி உண்டு. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் சில நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குட்டித் தொடரை வெளியிட்டார்கள். பெயர் ‘ரெட் வெர்சஸ் புளூ’. யூடியூப் பிறக்கவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பர்னி பர்ன்ஸ் என்பவர்தான் எழுத்தின் பின்னால் இருந்த தலை. மேட் ஹல்லம், ஜெஃப் ராம்ஸி, கஸ் சொரோலா, ஜோயல் ஹேமன் எல்லாம் கூட்டாளிகள். ‘ஹேலோ’ என்ற துப்பாக்கி விளையாட்டில் ஒரு பள்ளத்தாக்கு வரும். இரண்டு முனையிலும் இரண்டு கோட்டை, சிவப்பு அணி ஒரு பக்கம், நீல அணி மறுபக்கம், எதிராளியின் கொடியைப் பிடித்து வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் சிப்பாய்களை நிறுத்தி, சுடச் சொல்லாமல் பேசவிட்டார்கள். ஆறோ எட்டோ எபிசோடு பண்ணிவிட்டு முடித்துக்கொள்வது என்று தொடங்கியது, முதல் கதை முடியவே 2007 ஆகிவிட்டது. மொத்தம் 100 எபிசோடு. தொடர் அதன்பிறகும் நிற்கவில்லை.

முதல் எபிசோடைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். சிவப்புக் கோட்டை மொட்டைமாடியில் இரண்டு பேர் நிற்கிறார்கள், சிம்மன்ஸ், கிரிஃப். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று ஒருவன் கேட்கிறான். மற்றவன் அதைப் பிறவிக் கேள்வியாக எடுத்துக்கொண்டு கடவுள், பிரபஞ்சம், விதி என்று எங்கேயோ போய்விடுகிறான். கேட்டவன் வாயடைத்துப்போய், நான் இந்தப் பள்ளத்தாக்கைத்தானே கேட்டேன் என்கிறான். பிறகு இருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். நமக்கு இங்கே கோட்டை இருப்பது அங்கே அவர்களுக்குக் கோட்டை இருப்பதால். அவர்களுக்கு அங்கே இருப்பது நமக்கு இங்கே இருப்பதால். இரண்டு பேரும் காலி பண்ணிவிட்டுப் போனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. போர் என்பதைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாமுவேல் பெக்கெட்டின் நாடகங்களோடு இதை ஒப்பிட்டவர்கள்கூட உண்டு. அதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் விழுப்புரம் ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர். ஏதோ ஒரு வண்டிக்காக எப்போதும் யாராவது காத்திருக்கிறார்கள். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்ற கேள்வி அந்த பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும்.

அடுத்தடுத்த எபிசோடில் சார்ஜ் என்கிற மூத்த சிப்பாய் ஒரு புது ஜீப் கொண்டுவருவார். அதற்கு எந்த மிருகத்தின் பெயரை வைப்பது என்று ஒரு சண்டை. அணிக்குப் புதிதாக வந்த டோனட் என்ற அப்பாவியை, கடையில் கிடைக்கவே கிடைக்காத சாமான்களை வாங்கி வா என்று அனுப்புவார்கள். ஹெட்லைட்டுக்கு ஊற்றுகிற எண்ணெய் என்பது மாதிரி. புதுப் பையனை இப்படி அலையவிடுகிற குறும்பு நம் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுகளிலும் உண்டு. டோனட் கடை என்று நினைத்து எதிரியின் கோட்டைக்கே போய்விடுவான். அங்கே இருப்பவன் அவனைவிட அப்பாவி. எதிரியின் கொடியைக் கடைச் சாமான் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு இவன் நடந்து வருவான். உலகம் பூராவும் பையன்கள் இரவு முழுக்க விழித்து, ஆயிரம் குண்டு போட்டுப் பிடிக்கிற கொடி அது.

சிரிப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஹேலோவைச் செய்த பங்கி நிறுவனம் அந்தப் பள்ளத்தாக்கை ஒருவரை ஒருவர் கொல்வதற்கென்றே அமைத்தது. ஒளிய ஒரு பாறை, தூரத்திலிருந்து சுட ஒரு மேடு, எல்லாம் அளந்து வைத்தது. இந்த நண்பர்கள் அதை டீக்கடை பெஞ்சாக்கிவிட்டார்கள். உடம்பு முழுக்கக் கவசம், கையில் துப்பாக்கி, பேச்சோ ஜீப்புக்குப் பெயர் வைப்பது பற்றி. நாகேஷ் கத்தியைப் பிடித்துக்கொண்டு பயந்தால் சிரிப்பு வருவதும், கத்தியே இல்லாமல் பயந்தால் அவ்வளவு வராததும் இதே கணக்குதான்.

எடுத்த விதம் இன்னும் ருசியானது. நாலைந்து எக்ஸ்பாக்ஸை ஒன்றோடொன்று இணைத்து, ஆளுக்கு ஒரு சிப்பாயை நடத்துவார்கள். இன்னொருவர் ஆட்டத்துக்குள் ஒரு சிப்பாயாக நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணுக்குத் தெரிவதுதான் கேமரா. அவர் திரையில் தெரியும் துப்பாக்கியையும் எண்களையும் மறைக்க, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. சிப்பாய்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நிற்பார்கள். நீட்டிக்கொண்டே எப்படிக் கதை பேசுவது? கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தரையைக் குனிந்து பார்த்தால், ஆட்டத்தில் இருந்த ஒரு கோளாறினால், துப்பாக்கி தாழ்ந்து தலை மட்டும் நேராக நிற்கும். அந்தக் கோளாறைப் பிடித்துக்கொண்டுதான் தொடரின் ஆரம்பம் முழுக்க ஓடியது. பிறகு வந்த ஹேலோ 2 ஆட்டத்தில் துப்பாக்கியைத் தாழ்த்த ஒரு வழியையே பங்கி வைத்துக்கொடுத்தது.

ஹெல்மெட் முகத்தை மூடியிருக்கிறது. கண் தெரியாது, உதடு தெரியாது. பேசுவது யார் என்று எப்படித் தெரியும்? பேசுகிறவன் தலையை ஆட்டுவான், கேட்கிறவன் ஆடாமல் நிற்பான். இதை முதல்முறை கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோற்பாவைக் கூத்தில் நடப்பது அச்சு அசல் இதுதான். வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து ராமன், சீதை, அனுமார் எல்லோருக்கும் குரல் மாற்றிப் பேசுவார். எந்தப் பாவை பேசுகிறதோ அது குலுங்கும், மற்றவை சும்மா நிற்கும். அந்தக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் உண்டு. ராமாயணத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சண்டைக்கு நடுவில் புகுந்து சோற்றையும் பெண்டாட்டியையும் பற்றிப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். கிரிஃபும் சிம்மன்ஸும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

தோற்பாவை தெற்கத்திச் சமாச்சாரம், நம் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். நமக்குத் தெருக்கூத்து இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மனின் ஆதிக் கோயில் என்று சொல்லும் வட்டாரம் இது. கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்துப் படுகளம், தீமிதி. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, முகமெல்லாம் அரிதாரம் பூசி ராஜா வந்து நின்றால் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். அவரிடம் போய், யாருங்க நீங்க, இன்னா சமாச்சாரம், இந்நேரத்துல எங்க ஊருக்கு ஏன் வந்தீங்க என்று கேட்கிறவன் கட்டியங்காரன். வியாசர் பாரதத்தில் அவனுக்கு வேலை கிடையாது. அவன் பேச்சில் மட்டும் ரேஷன் கடை வரும், பஞ்சாயத்துத் தேர்தல் வரும், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர் பெயரும் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் தூங்காமல் இருப்பது பாதி அவனால்தான். பாரதத்தை ஊர்க்காரர்கள் எழுதவில்லை. அதனுள் நின்று பேச ஒரு ஆளை மட்டும் அனுப்பிவைத்தார்கள். அமெரிக்காக்காரன் செய்த கேமுக்குள் நீங்கள் அனுப்புவதும் அந்த ஆளைத்தான்.

அடுத்தவர் எடுத்த படத்துக்கு நாம் பேச்சு கொடுப்பது சினிமாவிலும் பழசு. 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊமைப்பட நாட்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வது வழக்கம். வெள்ளைக்காரி அழுதால் அவள் ஏன் அழுகிறாள் என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரிந்த காலத்துக்கு வந்தால், 2007இல் தொடங்கிய சுட்டி டிவி. அதில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூனைச் சொல்லாமல் விட முடியுமா? படம் அங்கே வரைந்தது, வாய் நம்முடையது. இன்று பெரியவர்களாகிவிட்ட பலர் அதில் வரும் மாமாவின் குரலை அப்படியே பேசிக் காட்டுவார்கள். உங்கள் அண்ணன்மார் பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஜிடிஏ கேமின் வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் ஆடியபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவன் சும்மாவா இருந்தான்? ஆடுகிறவனைவிட அவன்தான் அதிகம் பேசினான். அந்தப் பேச்சுக்கு மைக் வைத்ததுதான் நீங்கள்.

இவ்வளவு சொன்னபின் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜிடிஏவின் லாஸ் சாண்டோஸ் தெருவில் தமிழ் பேசித் திரியும் வீடியோக்களில் பாதி மதுரையில் நடக்கிறது, மீதி வடசென்னையில். சினிமாவில் கேட்டுப் பழகிய மதுரை அது, சினிமாவில் கேட்டுப் பழகிய வடசென்னை. திண்டிவனத்துப் பையன் தன் அம்மாவிடம் போனில் பேசுவது ஒரு மாதிரி, மைக்கில் பேசுவது வேறு மாதிரி. நம் தென்னார்க்காட்டுப் பேச்சைப் படத்தில் கேட்டது ரொம்பக் குறைவு. தங்கர் பச்சானின் ‘அழகி’ 2002இல் வந்தபோது பண்ருட்டிப் பக்கத்துக் காட்டையும் பேச்சையும் திரையில் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் இங்கே உண்டு. உங்களுக்குத் தயாரிப்பாளர் கிடையாது, விநியோகஸ்தர் கிடையாது. யார் கையைப் பிடித்தார்கள்?

ஒரு உதாரணம் எழுதிப் பார்த்தேன். ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு கேம் சிப்பாய், அந்தக் கரையில் எதிரிக் கூடாரம்.

“ஏம்பா, நம்ம எதுக்குப்பா இங்க நின்னுக்கினு இருக்கறோம்?”

“காவலுக்கு.”

“எதுக்குக் காவலு?”

“அந்தாண்ட நிக்கறானுங்களே, அவனுங்க இந்தாண்ட வந்துடக் கூடாது.”

“அவனுங்க எதுக்கு நிக்கறானுங்க?”

“நம்ம அந்தாண்ட போயிடக் கூடாது.”

“நான் எங்கப்பா போறேன்? மல்லாட்டை புடுங்க ஆள் கெடைக்காம எங்கம்மா நாலு தபா போன் பண்ணிட்டாங்க. வூட்டுக்குப் போறதுக்கே லீவு குடுக்கல.”

இதைவிட நூறு மடங்கு நன்றாக நீங்கள் எழுதுவீர்கள். விஷயத்துக்கா பஞ்சம்? பொங்கலுக்கு ஊர் வரும் கார்கள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற வரிசை போதும், மூன்று எபிசோடு தேறும். ஏரியில் கட்டின விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் மழைக்குத் தண்ணீர் நின்றால், ஜிடிஏவில் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு போய் ‘பாண்டி, பாண்டி, பாண்டி’ என்று ஒரு கண்டக்டரைக் கூவவிடலாம்.

முகமே தெரியாதே, யார் பார்ப்பார்கள் என்ற கவலை வேண்டாம். நம் ஊர்க்காரர் ஒருவர் பெயரின் தலையெழுத்திலேயே விழுப்புரம் இருக்கிறது: விழுப்புரம் சின்னையா கணேசன். முகத்தின் ஒவ்வொரு தசைக்கும் வேலை கொடுத்த நடிகர் சிவாஜி. ஆனால் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தையும் ‘திருவிளையாடல்’ வசனத்தையும் நம் கிராமங்கள் மனப்பாடம் பண்ணியது கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில். அதில் முகம் தெரியவில்லை. தருமியாக நாகேஷ் புலம்புகிற இடத்தில், படத்தையே பார்க்காதவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவாஜி முகத்தை எடுத்துவிட்ட பிறகும் மிச்சம் இருந்ததை வைத்துத்தான் நீங்கள் பிழைக்க வேண்டும், அது கணிசமாகவே இருந்தது.

கெட்ட வார்த்தை பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூனில், பப்ஜி ஆட்டத்தை ஓடவிட்டுப் பெண்களை அசிங்கமாகப் பேசியதாக ஒரு தமிழ் யூடியூபர் கைதானார். அதன்பிறகு கேம் வீடியோ என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். நான் ஒழுக்கப் பாடம் எடுக்க வரவில்லை. ரெட் வெர்சஸ் புளூவிலும் வசவு தாராளம். எழுதத் தெரிந்தவன் நடுவில் ஒரு வசவை வைத்தால் அது வெடிக்கும். எழுதத் தெரியாதவனிடம் வசவைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அந்தத் தொடரில் இன்னொரு குறை, ஆரம்பத்தில் பெண் குரல் ரொம்பச் சொற்பம். அதிலும் ஒருத்தி பீரங்கி வண்டி! கூத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டியதற்கு அந்தக் காலம் காரணம். போனும் மைக்கும் வைத்திருக்கிற தங்கைகள் இருக்கும்போது, தம்பிகள் குரலைச் சுருக்கிக்கொண்டு மாமியார் பேச வேண்டிய அவசியம் என்ன?

பெரிய ஆசையும் படலாம். ஊரடங்கில் வேலை போன சாம் கிரேன், மார்க் ஓஸ்டர்வீன் என்ற இரண்டு ஆங்கில நாடக நடிகர்கள் 2021இல் தொடங்கி ஜிடிஏ ஆன்லைனுக்குள்ளேயே ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைப் போட்டார்கள். உருக்கமாக வசனம் பேசும்போது வழியில் போகிற எவனோ வந்து சுட்டுவிட்டுப் போவான், போலீஸ் துரத்தும். செத்தவர் எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’ என்று அது 2024இல் ஆவணப்படமாக வந்து, அமெரிக்காவில் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் விருதும் வாங்கியது. அந்த ஜிடிஏவுக்குள் பதினெட்டாம் போர் கூத்தை யாராவது போட்டால் நான் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்ப்பேன். துரியோதனன் பாதிப் பாட்டில் இருக்கும்போது லாரி வந்து மோதும், கட்டியங்காரன் சமாளிப்பான்.

இனி வேலைப் பேச்சு. ஆஸ்டின்காரர்கள் முதலில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடிதான் சிப்பாய்களை ஆட்டினார்கள். உங்களில் பலர் கேமை ஆடிக்கொண்டே பேசுகிறீர்கள், அதனால் பேச்சு விளையாட்டின் பின்னால் ஓடுகிறது. முதலில் எழுதி, பேசி, வெட்டி ஒட்டுங்கள். பிறகு கேமைத் திறங்கள். பேசும்போது ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்து விழுப்புரத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், தெரியும். அதிகாலையில் பேசிவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டால் காப்பிரைட் வந்து நிற்கும். கேம் நிறுவனங்களின் விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2007இலேயே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டது.

முடித்த வீடியோவை ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள். மச்சினிமா என்று இந்த வகையின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. 2019 ஜனவரியில் அதன் சேனலில் இருந்த வீடியோக்கள் எல்லாம் முன்னறிவிப்பில்லாமல் மறைந்தன. பல வருட வேலை, எடுத்தவர்களாலேயே பார்க்க முடியவில்லை. ரெட் வெர்சஸ் புளூ நண்பர்களின் ரூஸ்டர் டீத் நிறுவனமும் கை மாறிக் கை மாறி வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியிடம் போய், 2024இல் மூடப்பட்டது. கடைசியாக வந்தவற்றில் ஒன்று அதே தொடரின் கடைசிப் பகுதி. 2025 பிப்ரவரியில் பர்னி பர்ன்ஸ் அந்தப் பெயரையும் தொடரையும் திரும்ப வாங்கிவிட்டார் என்று படித்தபோது, சொந்தக்காரன் நிலத்தை மீட்டதுபோல் சந்தோஷப்பட்டேன். எனக்கென்ன, ஒரு பைசா பங்கு கிடையாது.

ஒரே ஒரு சுயநலமான வேண்டுகோள். எபிசோடு பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். நான் பார்ப்பது பெரும்பாலும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஒன்று முடிந்தால், விக்கிரவாண்டிக்குள் இன்னொன்றும் பார்த்துவிடலாம். பின்னணி இசையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், அந்த பஸ்ஸில் ஏற்கெனவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்,
திண்டிவனம்.